அந்தக் கடைசி வரியை எழுதாதே

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு உடம்பு தேறிவிட்டது என்று படித்த பிறகுதான் மனம் நிலைகொண்டது. இங்கே அம்மா நலம். சித்திரைத் திருவிழாவுக்கு நீங்கள் வருவீர்களா என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

இரவில் கோப்புகளை நகலெடுக்கும் உன் பேக்கப் ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைகளின் தொகுப்பு) பற்றி எழுதியிருந்தாய். அது முடியும்போது தரும் எண்தான் எக்ஸிட் கோடு; 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி. எல்லாம் ஒழுங்காக நடந்த நாளில் எக்ஸிட் கோடு 1 என்று எச்சரிக்கை மெயில் வருகிறது. நகல் பாதியில் நின்ற நாளில் 0 என்று சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. தொல்லை தாங்காமல் கடைசி வரியில் 'எக்ஸிட் 0' என்று எழுதிவிடப் போவதாகச் சொல்கிறாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. பிறகு உண்மையான பிழையும் உன் காதுக்கு எட்டாது.

நீ அனுப்பிய ஸ்கிரிப்டைப் படித்தேன். அதன் கடைசிக் கட்டளை, நடந்ததைப் பதிவுசெய்யும் லாக் கோப்பில் 'எர்ரர்' என்ற சொல்லைத் தேடும் கிரெப். தேடியது கிடைத்தால் கிரெப் 0 தரும், கிடைக்காவிட்டால் 1, கோப்பையே திறக்க முடியாவிட்டால் 2. வெளியேறும் எண்ணை நீ தனியாகச் சொல்லாதவரை, கடைசியாக ஓடிய கட்டளையின் எண்தான் ஸ்கிரிப்டின் எண். பிழையே இல்லாத நாளில் கிரெப்புக்கு எதுவும் அகப்படவில்லை, 1 வந்தது. பிழை இருந்த நாளில் அகப்பட்டது, 0 வந்தது. கிரெப் மீது குற்றமே இல்லை. நகலைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

நகலெடுக்கும் கட்டளை முடிந்த கையோடு, அடுத்த வரியிலேயே, கடைசிக் கட்டளையின் எண்ணை வைத்திருக்கும் டாலர் கேள்விக்குறியின் ($?) மதிப்பை ஒரு மாறியில் எடுத்து வை. நடுவில், எழுத்தைத் திரையில் காட்டும் ஒரு எக்கோ வந்தாலும் அந்த மதிப்பு எக்கோவினுடையதாகிவிடும். முடிவில் அந்த மாறியைக் கொண்டே வெளியேறு.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப் போட்டிருக்கும் இடங்களையும் பார். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறியதில் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுக்கும் கட்டளை தோற்றுப்போனது. ஆனால் பைப்பில் அதன் பின்னால் இருந்த, கோப்பைச் சுருக்கும் ஜிசிப், வெறுமையைச் சுருக்கி 20 பைட் கோப்பாக்கி 0 சொல்லிவிட்டது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷில் பைப்பின் எண் என்பது அதன் கடைசிக் கட்டளையின் எண். அந்த 20 பைட்டைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. ஒரு வருட வரவு செலவு அது. அன்றிலிருந்து, பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் அதைக் காட்டிக்கொடுக்கும் 'பைப்ஃபெயில்' வசதியைப் போடாமல் நான் பைப் எழுதுவதில்லை.

எப்போதோ ஒருமுறை 137 வந்ததாகவும் சொன்னாய். ஒரு கட்டளையை சிக்னல் நிறுத்தினால், அந்த சிக்னலின் எண்ணோடு 128 சேர்ந்து வரும்; இது 128உம் 9உம் சேர்ந்தது. 9 என்பது உடனே நிறுத்தும் கில் சிக்னல். பெரும்பாலும் மெமரி போதாமல், இயங்குதளத்தின் மையமான கெர்னலே நிறுத்தியிருக்கும். கெர்னல் லாக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திருத்திய பிறகு, இல்லாத ஒரு ஃபோல்டரிலிருந்து நகலெடுக்கச் சொல்லி ஓட்டிப் பார். அப்போது மெயில் வர வேண்டும். வந்ததா என்று எழுது. அப்படியே டிக்கெட் எடுத்துவிட்டாயா என்பதையும் எழுது, அம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்