சிரித்த டீச்சர்களுக்கும் மாஷ்களுக்கும்: அந்த ‘பி’ பிள்ளைகளின் குற்றமில்லை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் டீச்சர்களுக்கும் மாஷ்களுக்கும் (ஆண் ஆசிரியர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படித்தபோது receipt என்ற சொல்லை ‘ரிசிப்ட்’ என்று வாசித்தேன். எழுத்து அப்படித்தானே இருக்கிறது! மறுபடி சொல் என்றார்கள், சொன்னேன். மூன்றாவது முறை சொல்வதற்குள் கடைசி பெஞ்சு வரை சிரிப்பு. சரியாக எப்படிச் சொல்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வருஷம் முழுக்க என் பெயரே ரிசிப்ட்.

அப்புறம் பல வருஷம் எந்தக் கவுன்டரிலும் நான் ‘ரசீது’ என்றுதான் கேட்டேன். பொள்ளாச்சியிலும் செல்லும், பாலக்காட்டிலும் செல்லும். மலையாளத்திலும் அதே சொல்தான், கடைசி உகரம் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். ஆங்கிலச் சொல்லைத்தான் நம் ஆட்கள் மழுக்கி ரசீது ஆக்கிவிட்டார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. அது பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல்.

ஆங்கிலச் சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனபோது அதில் ‘பி’ (p) சத்தமே இல்லை. மூலமான லத்தீனில் ‘பி’ உண்டே என்று படித்தவர்கள் பிற்பாடு எழுத்தில் மட்டும் செருகினார்கள். வாய் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடன் என்று பொருள்படும் ‘டெட்’டில் (debt) இன்னொரு ‘பி’ (b) வந்து உட்கார்ந்ததும் இப்படித்தான். ஆனால் receipt-இன் குடும்பத்து ‘டிசீட்’ (deceit), ‘கன்சீட்’ (conceit) இரண்டும் இன்று அந்த p இல்லாமலேயே நிம்மதியாக இருக்கின்றன. ஆக, படித்தவர்கள் செய்த வேலைக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறான்.

இதைச் சொல்லித்தர ஒரு நிமிஷம் போதும். எங்கள் வீட்டில் துண்டுத்தாளுக்கு ‘சீட்டு’ என்போம். முன்னால் ஒரு ‘ரி’ போடுங்கள், கடைசி உகரத்தை விழுங்கிவிடுங்கள்: ரிசீட். பணம் கட்டினால் கையில் வருவதும் ஒரு சீட்டுதானே, மறக்காது. அழுத்தம் ‘சீ’யில் விழ வேண்டும், ‘ரி’ லேசாகப் போய்விட வேண்டும். நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பழகியவர்கள் என்பதால், ‘பி’யை விடுவதைவிட இதற்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டும். மலையாளம் பேசும் பிள்ளைக்கு இந்தத் தந்திரம் உதவாது. அவர்கள் சீட்டை ‘ச்சீட்டு’ என்பார்கள். அவர்களுக்கு வேறு வழி நீங்களே கண்டுபிடியுங்கள்.

‘ரிசீட்டு’ என்று உகரம் ஒட்டிக்கொண்டு வந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது கேட்பவருக்குப் புரியும். புரியாமல் போவதை முதலில் திருத்தலாம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் ஊர் பஸ் போர்டில் ஆங்கிலத்தில் ‘ழ’வுக்கு ‘இசட் எச்’ போட்டிருக்கிறது. வெளியூர்க்காரர் அதைப் பார்த்து ‘கொஜின்ஜம்பாரா’ என்று கேட்டால் கண்டக்டர் பஸ்ஸையே நிறுத்திச் சிரிப்பதில்லை. “கொழிஞ்சாம்பாறை, ஏறுங்க” என்பார், அவ்வளவுதான். எழுத்து ஒன்று, சத்தம் வேறு என்பது நமக்கு நம் ஊர்ப் பெயரிலேயே தெரியும்.

அடுத்த முறை ஒரு பிள்ளை ‘ரிசிப்ட்’ என்று படித்தால் மறுபடி சொல்லச் சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் ஒரு தடவை சொல்லிக்காட்டுங்கள். அகராதியை எடுத்து, உச்சரிப்புக் குறியில் அந்த ‘பி’ இல்லாததை அதன் கண்ணிலேயே காட்டுங்கள். வகுப்பு முழுவதும் சேர்ந்து இரண்டு தடவை சொல்லட்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை அடுத்த வரியைப் படிக்க விடுங்கள். எனக்கு அந்த வரி என்ன என்று இன்றுவரை தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்