இட்லிக் கொப்பரையில் பாலித்தீன் தாள் விரிப்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சமையல் தொழிலாளர்கள் மற்றும் உணவு வேதியியல் ஆசிரியர்கள்,
மதுரை மாவட்டம்.
(கையொப்பப் பட்டியல் இணைப்பில்)

பெறுநர்:
உணவு பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
உணவு பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை,
சென்னை – 600 006.

பொருள்: பாலித்தீன் தாளிலும் பையிலும் உணவை வேகவைப்பது, கொதிக்கும் உணவை அவற்றில் ஊற்றுவது – எழுத்துப்பூர்வமான தடை உத்தரவும் அதிகாலை ஆய்வும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இட்லித் தட்டில் துணிக்குப் பதிலாகப் பாலித்தீன் தாளை விரித்து மாவு ஊற்றும் பழக்கம் சாலையோரக் கடைகளிலும், மொத்தமாக இட்லி அவித்துக் கொடுக்கும் இடங்களிலும் புகுந்துவிட்டது. துணி துவைக்கும் வேலை மிச்சம், இட்லி ஒட்டாது, ஈடு ஈடாக வேகமாக எடுக்கலாம் என்பதால் இதைச் செய்கிறார்கள். கர்நாடகத்தில் 2025 பிப்ரவரியில் சுமார் 250 உணவகங்களைச் சோதித்ததில் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி அவிப்பது தெரியவந்து, அம்மாநில அரசு அதற்குத் தடை அறிவித்தது. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் முதலில் ஊட்டுவது இட்லியைத்தான். அது எதன் மேல் வேகிறது என்பதைத் தாங்கள் நேரடியாகக் கவனிக்க வேண்டுகிறோம்.

கடைகளில் ரோலாக வாங்கும் மெல்லிய தாள் பெரும்பாலும் குறைந்த அடர்த்திப் பாலித்தீன். அது உருகுவது 105 முதல் 115 டிகிரி செல்சியஸில். ஆனால் 90 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். கொப்பரை நீராவி 100 டிகிரி. எனவே "உருகவில்லையே, பிறகென்ன?" என்று கடைக்காரர் கேட்பது சரியான கேள்வியாகாது. இளகிய தாளிலிருந்து, அது ஒட்டாமலும் வழவழப்பாகவும் இருக்கச் சேர்த்த பொருள்களும் சாயமும் உணவுக்குள் இறங்குவது எளிது. சூடு, நேரம், புளிப்பு, எண்ணெய் ஆகிய நான்கும் கூடக்கூட இந்த இறக்கமும் கூடும். புளித்த மாவில் முதல் மூன்றும் இருக்கின்றன. பையில் சுடச்சுட ஊற்றிக் கட்டும் சாம்பாரில் நான்கும் இருக்கின்றன.

தாள் இன்னொரு கோளாறும் செய்கிறது. தட்டின் துளைகளை அது அடைத்துவிடுவதால் நீராவி அடியிலிருந்து ஏறாது. இட்லியின் அடிப்பாகம் களியாக நிற்கும். அதைச் சரிக்கட்ட, வழக்கமான 10–12 நிமிடத்துக்கு மேல் இன்னும் நாலைந்து நிமிடம் வேகவிடுகிறார்கள். தாள் அவ்வளவு நேரம் கூடுதலாக வேகிறது. தாளின் ஓரம் கொப்பரையின் பக்கச்சுவரில் பட்டால் நிலைமை இன்னும் மோசம். நீர்மட்டத்துக்கு மேலே தீ படும் உலோகம் 100 டிகிரியை எளிதில் தாண்டும். அந்த இடத்தில் தாள் உருகியே ஒட்டும். அதே தாளைத் தேய்த்துக் கழுவி அடுத்த ஈட்டுக்கும் போடும்போது கீறலும் பிசிறும் உண்டாகித் துணுக்குகள் மாவோடு சேரும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 95 டிகிரி நீரில் போட்ட ஒரே ஒரு பிளாஸ்டிக் தேயிலைப் பையிலிருந்து 1,160 கோடி நுண்துகள்கள் வெளிவந்ததாகக் கணக்கிட்டது. அது நைலான், பாலியெஸ்டர் வகைப் பை. அதே எண்ணிக்கையைப் பாலித்தீன் தாளுக்கு அப்படியே பொருத்த முடியாது. எனினும், வெந்நீர் பட்டால் பிளாஸ்டிக் துகள் உதிரும் என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை.

மிகைப்படுத்த நாங்கள் விரும்பவில்லை. பாலித்தீன் என்றாலே அதில் பிஸ்பினால் (வேறு சில பிளாஸ்டிக் வகைகளின் தயாரிப்பில் சேரும் வேதிப்பொருள்) இருக்கிறது என்று பரவும் செய்தி தவறு. பாலித்தீன் தயாரிப்புக்கு அது தேவையில்லை. எங்கள் கவலை, மூலம் தெரியாத மறுசுழற்சித் தாள் பற்றியது. கறுப்பு, நீலம், பச்சை நிறங்களில் வரும் கவரும், மணம் வீசும் தாளும் முன்பு எதைச் சுமந்த பிளாஸ்டிக்கிலிருந்து வந்தவை என்று விற்பவருக்கே தெரியாது. எல்லாப் பையும் கெட்டது என்பதும் எங்கள் வாதமன்று. 121 டிகிரியில் பதப்படுத்தும் பல அடுக்கு உறைகளும், அடுப்பில் வைப்பதற்கென்றே செய்த நைலான் பைகளும் அந்தச் சூட்டுக்கென வடிவமைத்துச் சோதிக்கப்பட்டவை. பால் பாக்கெட் தாள் குளிர்ந்த பாலுக்குத் தகுதியானது. அதனாலேயே அது கொப்பரைக்குத் தகுதியாகிவிடாது.

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் (பொதி செய்தல்) ஒழுங்குமுறைகள், 2018-இன்படி, பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் மொத்தப் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிறம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவே கூடாது. இதற்கான ஐ.எஸ். 9845 என்ற இந்தியத் தரநிலைச் சோதனை, பொருளைப் பயன்படுத்தும் வெப்பநிலைக்கு ஏற்பச் செய்ய வேண்டியது. உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒன்று. ஆனால் அது சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் வந்த ஆணை. கடைமுன் தொங்கும் கவரைப் பிடிக்க அது உதவுகிறது. மூடிய கொப்பரைக்குள் இருப்பதைத் திறந்து பார்க்கத் தங்கள் துறை அலுவலரே வர வேண்டியிருக்கிறது. பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடைசெய்தபோது துறை காட்டிய உறுதியை இதிலும் எதிர்பார்க்கிறோம்.

எனவே, உணவை வேகவைக்கும் பாத்திரத்துக்குள் பாலித்தீன் தாளோ பையோ வைக்கக் கூடாது என்று ஒரே பக்கத்தில், எளிய தமிழில் உத்தரவு பிறப்பித்து, உரிமம் அல்லது பதிவுச் சான்று பெற்ற ஒவ்வொரு கடைக்கும் அதை அனுப்ப வேண்டுகிறோம். பிரியாணி அண்டாவின் மூடிக்கடியில் பாலித்தீன் கட்டித் தம் போடுவதையும், வடித்த சோற்றைச் சுடச்சுடத் தாளில் கொட்டிக் குவிப்பதையும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். தம்முக்கு மைதா மாவைப் பிசைந்து விளிம்பில் பூசினால் போதும்.

ஆய்வு காலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். பத்து மணிக்கு வருபவர் காண்பது கழுவிக் கவிழ்த்த தட்டை மட்டுமே. தாள் கிடைத்தால் அதன் ரோலையும் வாங்கிய ரசீதையும் கேட்டு, விற்ற மொத்தக் கடை வரை செல்ல வேண்டும். முதல் முறை பிடிபடும் சிறு கடைக்கு உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் பிரிவு 32-இன்கீழ் முன்னேற்ற அறிவிப்பு கொடுத்துத் திருத்த அவகாசம் தரலாம். எடுத்த எடுப்பில் அபராதம் என்றால் தாள் ஒளிந்துகொள்ளுமே தவிர ஒழியாது.

மாற்று வழியையும் துறையே கற்றுத்தர வேண்டுகிறோம். சாயமில்லாத வெள்ளைப் பருத்தித் துணியை முதலில் கஞ்சி போகக் கொதிக்கவைத்து அலச வேண்டும். நனைத்து, நன்றாகப் பிழிந்து விரிக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் இட்லி சொதசொதக்கும், காய்ந்திருந்தால் ஒட்டும். வெந்ததும் துணியோடு கவிழ்த்து, பின்புறம் குளிர்ந்த குடிநீரைத் தெளித்து ஒரு நிமிடம் விட்டால் இட்லி பிசிறில்லாமல் வரும். துணி புளித்து நாறுவதும் கரும்புள்ளி விழுவதும் உண்மையான சிக்கல்கள். தாளுக்கு மாறியவர்கள் சொல்லும் முதல் காரணமும் அதுவே. மூன்று செட் துணி வைத்துக்கொண்டு, வேலை முடிந்த உடனே அலசி, சலவைச் சோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மீண்டும் நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போட்டால் அது வராது. புள்ளி விழுந்த துணியை எறிந்துவிட வேண்டும். துணியே வேண்டாம் என்பவர்கள் குழித்தட்டில் நல்லெண்ணெய் தடவலாம்.

பார்சல் சாம்பாருக்கு, "ஆறவைத்துக் கட்டுங்கள்" என்று மட்டும் அறிவுறுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். 60 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் அதில் கிருமி பெருகும். தூக்குவாளி கொண்டுவருபவருக்கு விலையில் சிறு தள்ளுபடி தரவும், முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துத் திரும்பப் பெறவும் கடைகளை ஊக்குவிக்கலாம். மதுரையில் பத்துக் கடைகளில் இதைச் சோதனை முறையில் தொடங்கத் துறை முன்வந்தால், துணிப் பராமரிப்புப் பயிற்சியை நாங்களே கட்டணமின்றி நடத்தித் தருகிறோம்.

இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: மதுரை
நாள்:
இணைப்பு: கையொப்பப் பட்டியல்