வாரப் பகுதியை முழுதாகப் படிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

யூதர்கள் தங்கள் வேதமான தோராவிலிருந்து வாராவாரம் வாசிக்கும் பகுதியை நாட்டு நடப்போடு கோத்துப் பேசுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால், காலத்துக்கு ஏற்ற வசனத்தைத் தேடி எடுப்பதுதான் புதுப்பித்தல் என்று அதை முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. தேடி எடுக்க இடமில்லை என்பதே அந்த வாசிப்பு முறையின் பலம்.

தோரா என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையான மோசேயின் ஐந்து நூல்கள். அவற்றை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த ஓய்வுநாளுக்கு இது என்று பஞ்சாங்கம் சொல்லிவிடும். ரபிக்கு, அதாவது யூத மதகுருவுக்கு, பிடிக்காவிட்டாலும் அதைத்தான் வாசித்தாக வேண்டும். சிம்ஹத் தோரா திருநாளில் உபாகமத்தின் கடைசியில் மோசே இறப்பதை வாசித்த கையோடு, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் தொடங்கிவிடுவார்கள். 2023இல் இஸ்ரேலில் அந்தத் திருநாள் அக்டோபர் 7. ஹமாஸ் தாக்கிய அதே நாள். அடுத்த சனிக்கிழமைப் பகுதியில் காயீன் தம்பியைக் கொல்கிறான்.

அப்புறம் அக்டோபர் 28. அன்றிரவு இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, இஸ்ரவேலரின் பழைய எதிரி இனமான அமலேக் செய்ததை நினைத்துக்கொள்ளச் சொல்லும் உபாகம வசனத்தை எடுத்தார். அமலேக்கின் பெயரே இல்லாமல் அழிக்கச் சொல்லி முடிகிற இடம் அது. தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிலும் இந்தப் பேச்சு காட்டப்பட்டது. ஆனால் அது அந்த வாரத்துக்கு உரிய வசனமே அல்ல. பூரிம் பண்டிகைக்கு முந்தைய ஓய்வுநாளிலும் கோடை முடிவிலும் வருவது. அன்று காலை ஜெப ஆலயங்களில் வாசித்தது ஆதியாகமம் 12 முதல் 17 வரை. அதில் எதிரிகள் பிடித்துக்கொண்டுபோன அண்ணன் மகன் லோத்தை மீட்க, ஆபிராம் (பிற்பாடு ஆபிரகாம் ஆனவர்) 318 பேரோடு துரத்திப் போகிறார். ஹமாஸ் பிடித்துப்போன பணயக் கைதிகளின் குடும்பங்கள் அதை எப்படிக் கேட்டிருக்கும்! இரண்டு அதிகாரம் தள்ளி, ஆபிராமின் மனைவி சாராயின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிய கர்ப்பிணி அடிமைப்பெண் ஆகாரிடம், கடவுள் உன் துயரத்தைக் கேட்டார், பிள்ளைக்கு இஸ்மவேல் என்று பெயர் வை என்கிறான் தேவதூதன். (திரும்பிப் போய் அடங்கியிரு என்றும் சொல்கிறான், அது வேறு வழக்கு.) அரபு மக்கள் தங்கள் மூதாதை என்று சொல்லும் இஸ்மவேல்தான்.

சரி, பஞ்சாங்கப்படி வாசித்தால் மட்டும் எல்லாம் நேராகிவிடுமா? ஆகாது. இரண்டு வாரம் கழித்து வரும் பகுதியில் ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்து, இன்று மேற்குக் கரையில் இருக்கும் ஹெப்ரோனில், மனைவியை அடக்கம் செய்ய ஒரு குகையை வாங்குகிறார். அந்த வாரம் ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடுவது வழக்கம். காசு கொடுத்து வாங்கிய இடம் என்று யூதக் குடியேற்ற அரசியலும் பேசப்படும். அதே பகுதியின் கடைசியில் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து வந்து அப்பாவை அதே குகையில் அடக்கம் செய்கிறார்கள். அந்த வரிக்குப் போவதற்குள் பேச்சு முடிந்துவிடும் போலும்.

கட்டுரையாளர் மறுபடி எழுதினால், மேற்கோள் வசனத்தோடு அந்த வாரப் பகுதி எந்த அதிகாரம் முதல் எதுவரை என்றும் போடச் சொல்லுங்கள். வீட்டில் வேதாகமம் இருப்பவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்வோம்.

வாசகர்,
பாளையங்கோட்டை