பாப்பா பேப்பர் விஷயமா

தம்பி, போன்ல சொன்னா நீ "சரிம்மா பாப்போம்"னு வெச்சிடுற, சாரத்து மேல நின்னுக்கிட்டு பிரஷ்ஷும் கையுமா பேசுற புள்ளைகிட்ட இதையெல்லாம் விளக்கவும் முடியல, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், நைட்டு ரூமுக்கு வந்து சாப்ட்டுட்டு பொறுமையா படி. மருமகளும் பாப்பாவும் நல்லா இருக்காங்க, பாப்பாக்கு கீழ ரெண்டு பல்லு வந்துருச்சு, கையில எது கெடைச்சாலும் கடிதான்.

விஷயம் என்னன்னா பாப்பாவ சென்னையில இருக்குற சிலோன் துணைத் தூதரகத்துல சிலோன் பிரஜையா பதியணும். ஒரு வயசு முடியறதுக்குள்ள.

நீ போன தடவ சொன்னத நான் மறக்கல, நானே சிலோன பாத்தது கெடையாது, எம்புள்ளைய எதுக்கு சிலோன்காரின்னு எழுதி வெக்கணும், நாளைக்கு இந்தியா குடியுரிமை குடுக்குறேன்னு வரும்போது இதுவே குறுக்க நின்னா என்ன பண்றதுன்னு கேட்ட. நம்ம அகதி முகாம்ல பாதிப் பேரு இதத்தான் பேசுறாங்க, அந்த பயம் எனக்கும் புரியுது. ஆனா இங்க பொறந்துட்டதால மட்டும் பாப்பா இந்தியா பிரஜை ஆகிட மாட்டாப்பா. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்த மண்ணுல பொறந்திருந்தா அப்பா அம்மா யாருன்னு கேக்காமலே உண்டு. அதுக்கப்புறம் ரெண்டு பேர்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும்னு ஆச்சு, 2004 டிசம்பர்ல இன்னும் இறுக்கி ஒருத்தர் இந்தியரா இருந்தாலும் இன்னொருத்தர் பாஸ்போர்ட் விசா இல்லாம வந்தவரா இருந்தா புள்ளைக்கு கெடையாதுன்னுட்டாங்க. நீயும் மருமகளும் ரெண்டு பேருமே முகாம் புள்ளைங்க, அப்ப பேச்சுக்கே எடமில்ல. 2019ல வந்த குடியுரிமை திருத்தச் சட்டத்துலயும் பாகிஸ்தான் பங்களாதேஷ் ஆப்கானிஸ்தான்னு மூணு நாட்டு பேருதான், நம்ம பேரு அதுல வரல.

அந்தப் பொண்ணு கதைய நீ சொல்லுவன்னு தெரியும், நம்ம மண்டபம் முகாம்ல பொறந்து அப்புறம் திருச்சி முகாமுக்குப் போச்சே, 2022ல மதுரை கோர்ட்ல பாஸ்போர்ட் குடுங்கன்னு தீர்ப்பு வாங்கி 2024 எலெக்ஷன்ல ஓட்டும் போட்டுச்சு, டிவில கூட காட்டினாங்க. எனக்கும் சந்தோஷந்தான். ஆனா அது பொறந்தது 1986. நீ 2001. அதுவும் அந்தப் பொண்ணு ஜெயிச்சது பிறப்பு சர்டிபிகேட் கையில இருந்ததாலதான்னு யோசிச்சுப் பாரு, பேப்பர் இருந்தவ கோர்ட்டு படி ஏறினா, இல்லாதவ என்னத்த காட்டுறது.

நான் சொல்றது இதான், பாப்பாவ அங்க கொண்டு போயி வாழ வைக்கச் சொல்லல. ஒரு நாடாவது இவ எங்க ஆளுன்னு எழுதிக் குடுக்கட்டும். நாளைக்கு இந்தியா குடுத்துச்சுன்னா அன்னிக்கு இத விட்டுட்டு அத வாங்கிக்கலாம், ரெண்டையும் வெச்சுக்க இந்தியா விடாது, அது வேற. இப்ப ஒண்ணுமே இல்லாம இருக்குறதுதான் ஆபத்து. நாளைக்கு இவ ஏதோ ஒரு நாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகணும்னா எந்த பாஸ்போர்ட்ட எடுத்துட்டுப் போவா சொல்லு.

இன்னொண்ணு, பாப்பாவோட உரிமை உன் வழியாத்தான் போவுது. சம்மந்தியம்மா சிலோன்ல எஸ்டேட் கூலிக்காரங்க குடியிருப்பு லயத்துல பொறந்தவங்க, அவங்க பக்கம் ஒரு துண்டு பேப்பர் கெடையாது, அதனால மருமகளுக்கே இன்னும் பதிவு ஆகல. முன்னாடியெல்லாம் சிலோன் சட்டத்துல அப்பா வழி மட்டுந்தான், 2003ல மாத்தி அம்மா வழியும் சேத்தாங்க, ஆனா நம்ம விஷயத்துல நீ ஒருத்தன்தான் கதவு. உனக்கு நாங்க சிலோன் குடியுரிமை வாங்கி வெச்சோம்ல, ஆஃபர் (OfERR)னு அகதிங்களுக்கு உதவுற அமைப்புக்காரங்க முகாமுக்கே வந்து ஃபார்ம் எழுதிக் குடுத்து, லேட்டுக்கு காரணம் எழுதி, அப்புறம் சென்னையிலருந்து வந்துச்சே, அந்த நாட்டு குடியுரிமைச் சட்டப் பிரிவு 5(2)ன்னு போட்டிருக்கும். அது என்கிட்ட பத்திரமா இருக்கு. அது இல்லன்னா பாப்பாக்கு கேக்கவே முடியாது, அப்பன் சிலோன் பிரஜைன்னு காட்டினாத்தான் புள்ளைக்கு. ஒரு வருஷம் தாண்டினா நடக்காதுன்னு இல்ல, ஆனா ஏன் லேட்டுன்னு காரணம் சொல்லி, அத அங்க மந்திரி மட்டத்துல ஏத்துக்கணும், அந்த அலைச்சல் நம்மளுக்கு எதுக்கு.

இப்ப சிக்கல் எங்கன்னு சொல்றேன். நேத்து எல்லா பேப்பரையும் பாய்ல பரத்தி வெச்சுப் பாத்தேன். பாப்பா சர்டிபிகேட்ல பேரு போடுற கட்டம் காலியா கெடக்குது, ஆஸ்பத்திரில அப்ப பேரு வெக்கலன்னு அப்படியே குடுத்துட்டாங்க. அதுலயே அப்பா பேரு எடத்துல உன் பேரு ஒரு இனிஷியலோட இருக்கு, சிலோன் பேப்பர்லயோ இனிஷியல் இல்ல, உங்கப்பா பேரு முழுசா எழுதி அதுக்கப்புறம் உன் பேரு. முகாம் கார்டுல மூணாவது மாதிரி, இங்கிலீஷ்ல ஒரு எழுத்து கூட வேற. நாம மூணும் ஒரே ஆள்தான்னு சொல்லுவோம், கவுண்டர்ல உக்காந்திருக்கவரு மூணு பேருன்னு சொல்லுவாரு. மேல வீட்டு அக்கா மகனுக்கு இப்படித்தான் திருப்பி அனுப்பி திரும்ப சென்னைக்குப் போயி வந்தாங்க, ரயில் காசு போக நாள் கூலியும் போச்சு. (அந்த அக்கா இத சொல்லும்போது ஒரு டீ ஆறிப்போற வரைக்கும் நிறுத்தல, உனக்குத்தான் தெரியுமே.)

அதனால மொதல்ல பேரு. நீயும் மருமகளும் இன்னும் சண்ட போட்டுக்கிட்டு இருக்கீங்க, ஒரு வருஷத்துக்குள்ள சேத்தா காசு கெடையாது, அப்புறம்னா லேட் ஃபீஸ் கட்டணும். பெரிய பேரா வெக்காத, இங்கிலீஷ்ல ஒரே மாதிரி எழுத வர்ற பேரா பாத்து வையி. உன் அம்மம்மா பேரு வெக்கணும்னு நான் கேக்கல, வெச்சா வேண்டாம்னும் சொல்லல.

பேர முடிவு பண்ணிட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட லெட்டர் ஒண்ணு வேணும், நீ போட்டு போட்டோ எடுத்து அனுப்புனா பத்தாது, ஒரிஜினல கொரியர்ல போடு. அது வந்ததும் ராம்நாட் போயி பேரு சேத்து, உங்கப்பா பேரு முழுசா வர்ற மாதிரி திருத்தம் பண்ண முடியுமான்னு கேட்டுட்டு வரேன். உன்னோட கல்யாண சர்டிபிகேட் ஜெராக்ஸ் இருக்கு, ஒரிஜினல் நீ கோயம்புத்தூர் எடுத்துட்டுப் போயிட்டன்னு மருமக சொல்றா, அதையும் அதே கவர்லயே வையி. சென்னைக்கு நீ வந்தாகணும், அப்பாங்கிற எடத்துல உன் கையெழுத்து வேணும்ல. நாங்க இங்க முகாம் ஆபீஸ்ல சொல்லி பெர்மிஷன் வாங்கிக்கிறோம், உன் மேஸ்திரிகிட்ட நீ இப்பவே லீவு சொல்லி வையி, கடைசி நேரத்துல கேட்டா ஒரு நாளைக்கு ரெண்டு நாள் கூலிய புடிப்பாருன்னு நீயே சொல்லிருக்க.