கலைச் சந்தையில் ஊராருக்கும் ஒரு வாக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜனவரியில் மரினா பே சேண்ட்ஸில் அனைத்துலகக் கலைச் சந்தை கூடும்போதெல்லாம், எத்தனை கேலரிகள் (கலைப் படைப்புகளை விற்கும் கூடங்கள்) கடை விரித்தன, எத்தனை நாடுகளிலிருந்து வந்தன, எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கே செய்திகளில் முன்னால் நிற்கிறது. அந்தக் கணக்கைக் கொண்டு சிங்கப்பூர் கலை நகரமாகிவிட்டதா என்று அளப்பது சரியல்ல என்றும், சந்தைக்கு இடம் கொடுக்கும் ஊர் அதிலிருந்து ஊர்ப் பொதுவில் என்ன வாங்கி வைத்துக்கொள்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்றும் கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கேலரிகளின் எண்ணிக்கையை நம்பி நாம் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். சுவிட்சர்லாந்தின் ஆர்ட் பாசல் கலைச் சந்தையின் முன்னாள் இயக்குநர் லொரென்ஸோ ருடால்ஃப் 2011இல் இங்கே தொடங்கிய ‘ஆர்ட் ஸ்டேஜ் சிங்கப்பூர்’, 2016இல் சுமார் 170 கேலரிகளுடன் களைகட்டியிருந்தது. மறு ஆண்டு அது 131 ஆனது, 2018இல் 84 ஆனது. 2019 ஜனவரியில், திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்களே இருந்தபோது சந்தை ரத்தானது. படைப்புகளைப் பெட்டி கட்டி அனுப்பிவிட்டிருந்த கேலரிகள் செய்வதறியாது தவிக்க, அரசாங்க அமைப்புகள் தலையிட்டு மாற்று இடம் தேடித் தர வேண்டியிருந்தது. இத்தனைக்கும் கேலரிகளுக்கான கில்மன் பேரக்ஸ் வளாகம் 2012லும் தேசிய கலைக்கூடம் 2015லும் திறக்கப்பட்டிருந்த காலம் அது. கட்டடத்துக்கோ அரசின் ஆதரவுக்கோ குறைவிருக்கவில்லை. 2023இல் இப்போதைய சந்தையான ‘ஆர்ட் எஸ்ஜி’ 160க்கும் மேற்பட்ட கேலரிகளுடன் தொடங்கியபோது மீண்டும் அதே உற்சாகத்துடன் எண்ணத் தொடங்கினோம். 2025இல் அந்த எண்ணிக்கை சுமார் 105.

இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. கலைச் சந்தை என்பது முதலில் வணிகம். பொதுமக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போவதற்கு முன்பே, அழைப்பிதழ் பெற்றவர்களுக்கான முன்னோட்ட நாள் முடிந்துவிடுகிறது. அதற்கும் முன்பே படங்களும் விலைகளும் அடங்கிய பட்டியல் மின்னஞ்சலில் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்து, சில படைப்புகள் சுவரில் ஏறும் முன்னரே விலைபோயிருக்கும். தற்காலிகமாக இறக்குமதியாகும் படைப்புக்குப் பொருள், சேவை வரி நிறுத்திவைக்கப்படுகிறது. இங்கேயே ஒருவர் வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனால் வரி கட்ட வேண்டும். வாங்கியவர் அதை 2010இல் சாங்கி அருகே திறக்கப்பட்ட வரியில்லாக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டால், அது இந்த ஊரில் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஹாங்காங்கிலோ அத்தகைய வரியே கிடையாது. 1970களிலிருந்தே பெரிய ஏல நிறுவனங்கள் அங்கு வேரூன்றியிருக்கின்றன. 2013இல் ஆர்ட் பாசல் தன் ஆசியக் கிளைக்கு அந்நகரைத் தெரிவு செய்ததில் வியப்பில்லை. வாங்குவோர் எங்கே இருக்கிறார்களோ அங்கே சந்தை போகும். அவர்கள் நகர்ந்தால் அதுவும் நகரும்.

அப்படியானால், இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத பாசல் நகரில் 1970இல் தொடங்கிய சந்தை இன்றுவரை எப்படி நிலைத்திருக்கிறது? அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் அந்த ஊரில் நடந்த ஒன்றை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. 1967 ஏப்ரலில், பாசலைத் தளமாகக் கொண்ட ஒரு வாடகை விமான நிறுவனத்தின் விமானம் சைப்ரஸில் விழுந்து நொறுங்கி 126 பேர் மாண்டனர். அந்நிறுவனத்தின் முதன்மைப் பங்குதாரரின் குடும்ப அறக்கட்டளைக்குச் சொந்தமான ஓவியங்கள் பல ஆண்டுகளாக நகரின் கலை அரும்பொருளகத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. விபத்துக்குப் பிறகு ஏற்பட்ட பண நெருக்கடியில் அவை விற்பனைக்கு வந்தன. பிக்காசோ 1906லும் 1923லும் தீட்டிய இரண்டு ஓவியங்களுக்கு மட்டும் 84 லட்சம் பிராங்க் கேட்கப்பட்டது.

அதில் 60 லட்சத்தை அரசுக் கருவூலத்திலிருந்து தர மாநில மன்றம் ஒப்புக்கொண்டதும், எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டி, பொது வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கினார்கள். மீதி 24 லட்சத்துக்கு ஊர் மக்கள் தெருவில் இறங்கி ‘பிச்சைக்காரர் விழா’ என்றே பெயரிட்டு ஒரு விழா எடுத்து வசூலித்தார்கள். டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 32,118 பேர் வாங்கலாம் என்றும் 27,190 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தனர். (சுவிட்சர்லாந்தில் நாடு தழுவிய தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். ஆனால், பாசல் நகர மாநிலம் தன் அளவில் 1966லேயே தந்துவிட்டதால், இந்த வாக்கெடுப்பில் பெண்களும் பங்கு பெற்றனர்.) செய்தி கேட்டு நெகிழ்ந்த பிக்காசோ, அரும்பொருளக இயக்குநரைத் தம் வீட்டுக்கு அழைத்து, மேலும் நான்கு படைப்புகளை அந்த ஊருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பினார்.

சந்தை அங்கே நிலைத்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மூன்று நாடுகளின் எல்லை கூடுமிடம், சுவிஸ் வங்கிகள், எர்ன்ஸ்ட் பயலர் போன்ற கேலரி உரிமையாளர்களின் தொடர்புகள் எல்லாம் சேர்ந்தே அதை நிலைநிறுத்தின. 1967இல் இத்தகைய சந்தைக்கு வழிகாட்டிய ஜெர்மனியின் கொலோன் நகரம் வெளிநாட்டுக் கேலரிகளுக்குக் கதவடைத்தது. பாசல் அதைத் திறந்து வைத்து முந்திக்கொண்டது. ஆனாலும், ஓர் ஓவியம் தங்கள் வரிப்பணத்துக்குத் தகுமா என்று வீட்டுக்கு வீடு வாதாடிப் பழகிய ஊர் அது. அத்தகைய ஊரில் கூடும் சந்தையும், நான்கு நாளைக்கு வாடகைக் கூடத்தில் தடுப்புச் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு போகும் சந்தையும் ஒன்றாக மாட்டா.

சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் ‘ஆர்ட் எஸ்ஜி’யில் படைப்புகள் வாங்குவதற்கென 150,000 வெள்ளி நிதி ஒன்று 2025இல் ஏற்படுத்தப்பட்டது பாராட்டத்தக்கது. பெயர்பெற்ற கலைஞரின் ஒரே ஓவியத்துக்கு அதைவிடப் பலமடங்கு விலை கேட்கும் இடத்தில் அது சிறிய தொகைதான் என்றாலும், திசை சரியானது. அந்த நிதியில் ஒரு பங்கை மக்கள் வாக்குக்கு விடலாம் என்பதே என் கோரிக்கை. வல்லுநர்கள் முதலில் மூன்று நான்கு படைப்புகளைத் தெரிவு செய்யட்டும். அவற்றைச் சந்தை நடக்கும் நாள்களில் கட்டணமின்றி அனைவரும் பார்க்கும்படி வைத்து, எதை வாங்கலாம் என்று சிங்கப்பூரர்களைக் கேட்கட்டும். வாங்கிய படைப்பு தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில் கொள்கலன்களுக்கு நடுவே உள்ள காட்சிக்கூடத்தில் மட்டும் இருந்துவிடாமல், தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் வட்டார நூலகங்களுக்கும் சில மாதங்கள் போய் வரட்டும்.

மக்களுக்கு நவீனக் கலை புரியாது, கண்ணுக்கு அழகானதைத்தான் கேட்பார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். தேசிய அரும்பொருளகத்தில் இருக்கும் குமாரி நாகப்பனின் மாபெரும் சிவப்பு மிளகாய்ச் சிற்பத்தை ரசிக்க எந்தப் பிள்ளைக்கும் விளக்கவுரை தேவைப்பட்டதில்லை. தவிர, பட்டியலை வல்லுநர்களே தயாரிப்பதால் தரம் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரே ஒரு படைப்பை வைத்தாவது இதைச் சோதித்துப் பார்க்குமாறு தேசியக் கலைகள் மன்றத்தையும் அரும்பொருளகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். அப்படி நடந்தால், போட்டியில் உள்ள படைப்புகளின் படங்களையும் கலைஞர்களைப் பற்றிய குறிப்புகளையும் கேட்கப்படும் விலையையும் தமிழில் முன்கூட்டியே வெளியிடுமாறு தங்கள் நாளிதழையும் வேண்டுகிறேன். கலைச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருவதால், நம் பெரியவர்கள் பலருக்கு இப்படி ஒரு சந்தை நடப்பதே தெரிவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
பிடோக், சிங்கப்பூர்