தடுப்பு நிற்கிறது, வேலை நடக்கவில்லை: சாலையை மூடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சாலைப் பணிகளுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கும், அவற்றை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் தெருவை ஒட்டிய பிரதான சாலையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி ஏழு வாரம் ஆகிவிட்டது. அந்தச் சாலையில் போக வேண்டிய பேருந்து, லாரி, கார், இருசக்கர வண்டி எல்லாம் இப்போது எங்கள் தெரு வழியாகத்தான் போகின்றன. நீங்கள் மாட்டிய பலகையில் அம்புக்குறி எங்கள் தெருவைத்தான் காட்டுகிறது.

பணியே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. குழாய் பழசாகும், கேபிள் போட வேண்டியிருக்கும், சாலை தேயும். தோண்டாமல் எதையும் சரிசெய்ய முடியாது. நான் சொல்ல வந்தது வேறு.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, எங்கள் தெரு முனையில் ஒரு பேருந்து திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. எதிரே சரக்கு லாரி. பேருந்துக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள், அதற்கும் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ். சைரன் அலறிக்கொண்டே இருக்கிறது, ஒதுங்க யாருக்கும் இடமில்லை. நானும் இன்னும் நாலைந்து பேரும் ஓடிப்போய், லாரிக்குப் பின்னால் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்க வைத்தோம். அப்புறம் லாரி பின்வாங்கி, பேருந்து திரும்பி, ஆம்புலன்ஸ் நகர்வதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. நோயாளியுடன் வந்த பெண் பின்கதவுக் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆம்புலன்ஸ் போனதும் மூடிய சாலைப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்தேன். நான்கு தடுப்புகள். காற்றில் படபடக்கும் சிவப்பு வெள்ளை நாடா. பள்ளத்தின் ஓரத்தில் அடுக்கிய குழாய்கள், அவற்றின் மேல் யாரோ கழற்றி வைத்த ஒரு ஜோடி கையுறை. ஒரு ஆள் இல்லை, பொக்லைன் இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வேலை நடக்கிறது என்றால் நாங்கள் பொறுத்துக்கொள்வோம். யாருமே வேலை செய்யாத ஒரு சாலைக்காக அந்த ஆம்புலன்ஸ் காத்திருந்தது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குழாய்க்குக் கணக்கு வைக்கிறீர்கள், ஜல்லிக்கும் தாருக்கும் கணக்கு வைக்கிறீர்கள். சாலை மூடியிருக்கும் மணி நேரத்துக்கும் கணக்கு வையுங்கள். அதுவும் இந்த வேலையில் செலவாகிற பொருள்தான். உங்கள் பில்லில் வராததால் அது இலவசம்போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு கடினமானதும் இல்லை. சிக்னல் இல்லாத ஒரு லேனில் மணிக்குச் சுமார் 1,800 வண்டிகள் போகலாம். பக்கத்தில் பணி நடந்தால் அது 1,600 அளவுக்குக் குறையும். இரண்டு லேன் உள்ள ஒரு பக்கத்தில் காலை நெரிசல் நேரத்தில் 2,000 வண்டிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லேனை அடைத்தால் மணிக்கு 400 வண்டிகள் மிஞ்சும். நிற்கும் கார் ஒன்றுக்கு முன்பின் இடைவெளியோடு 7 மீட்டர் என்றால், இரண்டு வரிசையாக நின்றாலும் வரிசை 1.4 கிலோமீட்டருக்கு நீளும். நெரிசல் நேரம் முடிந்து வரத்து 1,200 ஆகக் குறைந்தாலும், மணிக்கு 400 வண்டி வீதம் அந்த வரிசை கரைய இன்னொரு மணி நேரம் பிடிக்கும். அதே லேனைக் காலை 10 மணிக்கு மேல் அடைத்திருந்தால்? வருவது 1,200, போகக்கூடியது 1,600. வரிசையே இருக்காது. அதே வேலை, அதே ஆட்கள். தடுப்பைத் தூக்கி வைக்கிற நேரம் மட்டும்தான் வேறு.

இரவு வேலை எல்லா இடத்துக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தில் தூக்கம் கெடும், இருட்டில் தொழிலாளிக்கு ஆபத்து அதிகம். காலை, மாலை நெரிசல் நேரங்களை விட்டுவிட்டு நடுப்பகலில் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரே பாதையில் இரண்டு பக்க வண்டிகளையும் மாற்றி மாற்றி விடுகிறீர்கள் அல்லவா, அங்கே அடைக்கும் நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு பக்கத்தை நிறுத்திய பிறகு, உள்ளே இருக்கும் கடைசி வண்டி வெளியேறும் வரை எதிர்ப்பக்கத்தைத் திறக்க முடியாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டரைக் கடக்க 9 நொடி போதும். 300 மீட்டரைக் கடக்க 54 நொடி வேண்டும். மூன்று நிமிடச் சுற்றில் இது இரண்டு முறை வரும். அதாவது 180 நொடியில் 108 நொடி இரண்டு பக்கமும் சும்மா நிற்கிறது. 50 மீட்டராக இருந்தால் வீணாவது வெறும் 18 நொடி. எங்கள் சாலையில் ஒரே சமயத்தில் தோண்டுவது நாற்பது அடிகூட இருக்காது. ஆனால் அடைத்து வைத்திருப்பது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. தோண்டி, பதித்து, மூடி, தடுப்பை அடுத்த துண்டுக்கு நகர்த்திக்கொண்டே போகலாமே. தடுப்புகளுக்குக் கீழே சக்கரம் எதற்கு இருக்கிறது?

சரி, ஆள் இல்லாத நாளெல்லாம் வீணான நாள் என்று நான் சொல்லவில்லை. கான்கிரீட் போட்டால் அது இறுக வேண்டும். அதன் பலத்தை 28 நாள் கணக்கில்தான் சோதிப்பார்கள் என்பதும், சில மணி நேரத்திலேயே வண்டி தாங்கும் அளவுக்கு இறுகும் கலவைகள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். குழாயில் அழுத்தச் சோதனை செய்யவும் காத்திருக்க வேண்டும். அப்படியானால் அதைப் பலகையில் எழுதுங்கள். "கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கிறது, இந்தத் தேதியில் திறப்போம்" என்று ஒரு வரி. காரணம் தெரிந்தால் ஜனங்கள் பொறுப்பார்கள். இப்போது உங்கள் பலகையில் இருப்பது "பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்" மட்டும்தான். என்ன பணி, எப்போது முடியும், யாரைக் கேட்பது, எதுவுமே இல்லை.

முன்கூட்டிச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2011 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், ஒரு பாலத்தின் ஒரு பாதியை இடிப்பதற்காக 405 எண் விரைவுச்சாலையின் ஒரு பகுதியை வார இறுதியில் 53 மணி நேரம் மூடினார்கள். அமெரிக்காவிலேயே மிகவும் நெரிசலான சாலைகளில் அதுவும் ஒன்று. நகரமே ஸ்தம்பிக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். ஆனால் முன்கூட்டியே திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்ததால் மக்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டு நாளும் சாலைகள் வழக்கத்தைவிடக் காலியாக இருந்தன. வேலையும் சுமார் 17 மணி நேரம் முன்னதாகவே முடிந்தது. எங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது தடுப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஒப்பந்தம் போடும் அதிகாரிகள் இன்னொரு சம்பவத்தையும் பார்க்க வேண்டும். 1994 ஜனவரியில் வந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அதே நகரத்தின் சான்டா மோனிக்கா விரைவுச்சாலைப் பாலங்கள் இடிந்தன. திரும்பக் கட்ட ஒப்பந்தத்தில் 140 நாள் கொடுத்தார்கள். முன்னதாக முடித்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஊக்கத்தொகை, தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். 66 நாளில் கட்டி முடித்துவிட்டார்கள். லண்டனில் 2012 முதல், மிக நெரிசலான சாலைகளில் நெரிசல் நேரத்தில் தோண்டும் நிறுவனங்களிடம் நாள் வாடகை வாங்குகிறார்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் செய்தால் அந்த வாடகை கிடையாது. சாலையை மூடி வைத்திருப்பதற்கு ஒரு விலை இருந்தால், தடுப்பை எடுக்க யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி சேருங்கள்.

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம், மூடிய பள்ளத்தைத் திரும்பத் தோண்டுவது. மண்ணை 15, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். இங்கே மொத்த மண்ணையும் ஒரே தடவையில் பொக்லைனால் தள்ளிவிட்டு மேலே தாரைப் பூசினார்கள். முதல் மழையில் மண் அமுங்கியது, தார் உள்வாங்கியது, ஒரு இருசக்கர வண்டிக்காரர் விழுந்தார், மறுபடியும் தடுப்பு வந்தது. அதைச் சரிசெய்த இரண்டாவது வாரம் கேபிள்காரர்கள் வந்து அதே இடத்தைத் தோண்டினார்கள். தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு என்று ஒவ்வொரு துறையும் தன் தன் தேதியில் வருகிறது. அனுமதி கொடுக்கும் மேசை ஒன்றுதானே? ஒரு துறை விண்ணப்பித்ததும் மற்ற துறைகளிடம் "இந்தச் சாலையில் உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா, இப்போதே செய்துவிடுங்கள்" என்று கேட்க அந்த மேசையால் முடியும். கேட்ட பிறகும் வராதவர்களுக்கு, அவசர உடைப்பு தவிர, சில வருடங்களுக்கு அனுமதி கிடையாது என்று சொல்லவும் முடியும்.

நடந்து போகிறவர்களையும் மறந்துவிடாதீர்கள். இப்போது பள்ளத்தின் குறுக்கே கிடப்பது ஆடுகிற ஒரு பலகை. தினமும் காலையில் ஒரு பெரியவர் ஊன்றுகோலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையை யாராவது பிடிப்பார்களா என்று அதன் முன்னால் நிற்கிறார். கைப்பிடி வைத்த ஒரு இரும்பு நடைபாதை போட்டால் போதும்.

அடுத்த பணிக்கு அனுமதி கையெழுத்தாகும் முன், மூடும் நேரம், அடைக்கும் நீளம், திறக்கும் தேதி, பொறுப்பாளரின் பெயர் இவை அந்தத் தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றுப்பாதையாக எந்தத் தெருவைக் காட்டப் போகிறீர்களோ அதில் ஒரு பேருந்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கள் தெரு முனையில் அது திரும்பாது என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.

இப்போதைக்கு ஒரு சின்ன வேண்டுகோள். இந்த வாரமும் அந்தப் பள்ளத்தில் யாரும் இறங்கப் போவதில்லை என்றால், மேலே இரும்புத் தகடு போட்டு ஒரு லேனையாவது திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாற்றுப்பாதைத் தெருவில் குடியிருக்கும் ஒருவர்