ஸ்டியரிங்கில் ப்ளே

திருகோணமலை,
ஞாயிறு இரவு

அன்பின் சிவா,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமாக இருப்பாய், இருக்கட்டும். ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை அக்கா சொல்லியிருப்பாள். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முன் அறையில்தான் கட்டில். நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறார். உன் மகளுக்குப் பிந்திய பிறந்தநாள் வாழ்த்து.

எழுதாததற்குக் காரணம் வேலை அல்ல. மாசியில் ஓர் இரவு, பின் அறையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கணினியில் விளையாடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால், ஐயா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, சட்டத்தைப் பற்றியபடி கிடக்கிறார். எவ்வளவு நேரம் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். “பரவாயில்லை தம்பி, நீயும் களைத்துப்போய் இருப்பாய்” என்றார். அதை எவருக்கும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்றோடு விளையாட்டை விட்டேன். ஒரு மாதம் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முகட்டைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. கணினியை முன்னே கொண்டுவர இடமும் இல்லை, அதன் காற்றாடி இரைச்சலில் அவர் உறங்கவும் மாட்டார். ஆனால் தொலைக்காட்சி கட்டிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கணினி அங்கேயே இருக்கட்டும், விளையாட்டு மட்டும் இங்கே வரட்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

கணினி விளையாட்டைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர நீ அனுப்பவா என்று கேட்ட ஸ்டீம் லிங்க் பெட்டியைத் தேடி அலையாதே. 2015இல் வந்த அந்தப் பெட்டியின் விற்பனை 2018இலேயே நின்றுவிட்டது. கணினியில் சன்ஷைன் என்ற செயலி, தொலைக்காட்சியில் செருகிய ஆண்ட்ராய்டு பெட்டியில் மூன்லைட் என்ற செயலி, இரண்டும் இலவசம். விளையாட்டு ஓடுவது பின் அறையில்தான். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு காட்சியையும் சுருக்கி வீடியோவாக அனுப்புகிறது, பெட்டி அதை விரித்துக் காட்டுகிறது, நான் அழுத்தும் பொத்தான் அதே வழியில் திரும்பிப் போகிறது. விநாடிக்கு 20 மெகாபிட் போதும். எல்லாம் வீட்டுக்குள்ளேயே போய்வருவதால் டேட்டாவும் குறைவதில்லை.

எங்கள் வீட்டுச் சுவரை நீ மறந்திருக்க மாட்டாய். ஒன்றரை அடி. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டி வருவதற்குள் நலிந்துபோகிறது. 2.4 வந்து சேரும். ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை அத்தனையும் அதே இடத்தில் நெருக்கியடிக்கிறது. சிக்னலைக் கூட்டும் என்று ஒரு கருவியை என் தலையில் கட்டிய கடைக்காரர், அதைத் திரும்ப எடுக்கவே மாட்டேன் என்றார். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கடைசியில் 18 மீட்டர் நெட்வொர்க் கேபிள் வாங்கினேன். மேசன் மாமா சுவரைத் துளைத்தபோது சுண்ணாம்புப் பொடியோடு விரல்நகம் அளவில் சிப்பித் துண்டுகள் உதிர்ந்தன, வெள்ளை மாறாமல். ஐயா ஒன்றை வாங்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஓட்டியது யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2. ஐரோப்பிய நகரங்களுக்குச் சரக்கு லொறி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். கொழும்பு பஸ்ஸை எத்தனை வருடம் ஓட்டியவர் அவர் என்பது உனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் வாய் திறக்கவில்லை. என் கையையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “தம்பி, ஸ்டியரிங்கில் ப்ளே இருக்கிறது.”

படம் நன்றாகத்தானே வருகிறது என்றேன்.

“படம் நல்லது. நீ திருப்பிய பிறகுதான் வண்டி யோசிக்கிறது.”

உண்மை, சிவா. கேபிளில் தாமதமே இல்லை. தொலைக்காட்சிதான் படத்தை மெருகேற்றுகிறேன் என்று நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதைக் கேம் மோடுக்கு மாற்றினேன். விநாடிக்கு 60 காட்சி ஓடும்போது ஒரு காட்சிக்கு 17 மில்லிவிநாடிகூட இல்லை. அப்படிச் சில காட்சிகள் பிந்தியதை அந்தக் கண் பிடித்துவிட்டது! “இப்போது இறுகிவிட்டது” என்றார்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் ஓட்டம். பிரான்சின் கலே பக்கம் போக விடமாட்டார், அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். நம்மைப் போல் இடப்பக்கம் ஓடும் பிரித்தானியாவுக்குள்ளேதான் சுமை ஏற்றுகிறோம். “பிரேக்கைத் தொடாதே, கியரை இறக்கு”, “ஹபரணையில் யானை நிற்பது போல் நினைத்து வளை” என்று ஒரே அதட்டல். வளைவு வரும்போது போர்வைக்குள் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடி அசைகிறது. முறிந்த பக்கம் அதுதான். நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

இந்த விளையாட்டில் 2021 முதல் பல பேர் சேர்ந்து ஓட்டலாம். அதற்குக் கான்வாய், அதாவது வாகனத் தொடர், என்று பெயர். அந்தச் சொல் நமக்கு எதையெல்லாம் நினைவூட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐயாவிடம் ‘கூட்டு ஓட்டம்’ என்றுதான் சொன்னேன். சனிக்கிழமை இங்கே இரவு எட்டரை, டொரொன்டோவில் காலை பதினொன்று. உன்னிடமும் இதே பதிப்பு இருக்க வேண்டும், முன்னதாகவே இறக்கி வை. பிளிமத்திலிருந்து அபர்டீனுக்குப் போகிறோம். கோட்டைக்குள் மானைக் கண்டு சைக்கிளோடு மதிலில் ஏறியவனை முன்னால் விடாதே என்று ஐயா இப்போதே சொல்லிவிட்டார். நீ பின்னால் வா.

வாசன்